மனம் நொந்த நண்பருக்குத் துணை நிற்றல்

பதின்வயதுப் பிள்ளையின் மனக்கஷ்டம் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியும் முன்பே, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்குத் தெரிந்துவிடுகிறது. டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீடு திரும்புவதும், சேர்ந்து சைக்கிளில் ட்யூஷனுக்கு வந்தவர் தனியாக வரத் தொடங்குவதும், இரவு இரண்டு மணிக்கு மாறும் வாட்ஸப் ஸ்டேட்டஸும் நண்பர்கள் கண்ணில்தான் முதலில் படுகின்றன. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் அது ஐந்தாறு பேர். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் இப்படி ஒரு நண்பரின் பக்கத்தில் நிற்க வேண்டிய நாள் அநேகமாக எல்லா மாணவருக்கும் வரும்.

அந்த நாளில் நண்பரால் உண்மையிலேயே உதவ முடியும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 103 பேரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. மனம் புண்படும்படி ஏதாவது நடந்த நேரத்தில் நெருங்கிய நண்பர் உடன் இருந்த பிள்ளைகளுக்கு, கார்ட்டிசால் எனப்படும் பதற்றச் சுரப்பு உமிழ்நீரில் பெரிதாக ஏறவில்லை; தன்னைப் பற்றிய மதிப்பும் பெரிதாகச் சரியவில்லை. நண்பர் உடன் இல்லாதபோது இரண்டும் நேர்ந்தன.

நண்பர் செய்ய வேண்டியவை மூன்றே: கவனிப்பது, காது கொடுப்பது, நம்பகமான பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. என்ன நோய் என்று கண்டுபிடிப்பதும் குணமாக்குவதும் அவர் பொறுப்பில் இல்லை. இந்த எல்லை மனத்தில் தெளிவாக இருந்தால், பதினைந்து வயதுப் பிள்ளையும் இந்த வேலையைச் செம்மையாகச் செய்துவிடலாம்.

எதைக் கவனிப்பது

மதிப்பெண் குறைந்தால், நெருங்கியவரோடு சண்டை வந்தால், பிள்ளைகள் இரண்டு மூன்று நாள் சுருண்டு கிடப்பது இயல்பு. அதற்கெல்லாம் பதற வேண்டியதில்லை. வாட்டம் இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், அல்லது படிப்பு, சாப்பாடு, தூக்கம் மூன்றில் ஒன்று கெடத் தொடங்கினால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அதே நண்பர் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் ஒப்பிட வேண்டும். எப்போதும் அமைதியாக இருக்கும் பிள்ளை இன்றும் அமைதியாக இருப்பதில் பொருள் ஒன்றும் இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர் பேச்சைக் குறைப்பது, கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிறவர் மைதானத்துக்கே வராதது, நன்றாகப் படிக்கிறவர் ரெக்கார்ட் நோட்டைக்கூட வைக்காமல் விடுவது ஆகியவை கவனிக்க வேண்டிய மாற்றங்கள். அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லி மருத்துவர் பார்த்தும் காரணம் தெரியாமல் இருப்பதும் இதில் சேரும்.

பையன்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆண் பிள்ளை அழக் கூடாது என்று சொல்லி வளர்ப்பதால், அவர்களுடைய துயரம் பெரும்பாலும் கோபமாகத்தான் வெளியே வருகிறது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுபவனை, சாரிடம் எதிர்த்துப் பேசி வெளியே நிற்பவனை, திமிர் பிடித்தவன் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவனுடைய வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் தனி. சாவைப் பற்றிய பேச்சு, "நான் இல்லைன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க" என்ற மாதிரி வார்த்தை, விடைபெறுவது போன்ற மெசேஜ், உயிராய் வைத்திருந்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, உடம்பில் தானே உண்டாக்கிய காயம், நெடுநாள் தவித்தவர் காரணமின்றித் திடீரென அமைதியாகிவிடுவது. இவற்றில் எது தெரிந்தாலும் கீழே 'உயிரைப் பற்றிய பயம் வந்தால்' என்ற பகுதிக்கு நேராகப் போக வேண்டும்.

பேச்சைத் தொடங்கும் முன்

இடம் பாதி வேலையைச் செய்துவிடும். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசுவது விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படியான இடம் நல்லது: வீட்டுக்கு நடந்து போகும் வழி, பஸ் நிறுத்தம், மைதானத்துப் படிக்கட்டு. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்ற பதில்தான் வரும். பத்து நிமிட இன்டர்வெல்லும் ஆகாது. பாதிப் பேச்சில் மணி அடித்துவிட்டால், சொல்லத் தொடங்கியவர் அழுத கண்ணோடு கணக்கு வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

மெசேஜில் தொடங்கலாம், ஆனால் சந்திப்பதற்கு நேரம் குறிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எழுத்தில் குரலும் முகமும் இல்லை. போதாததற்கு, ஸ்கிரீன்ஷாட் எங்கே போய்ச் சேரும் என்ற பயம் இருவருக்கும் இருக்கும்.

பேசும் முறை

1. கண்ணில் பட்டதைச் சொல்லித் தொடங்க வேண்டும். "நீ டிப்ரஷன்ல இருக்க" என்பது தீர்ப்பு. "மூணு நாளா நீ கிரவுண்டுக்கு வரல" என்பது கண்ணால் பார்த்த செய்தி. செய்தியை யாரும் மறுக்க முடியாது. அதில் குற்றச்சாட்டும் இல்லை.

2. "ஒண்ணும் இல்ல" என்றால் விட்டுவிட வேண்டும். எழுந்து போய்விடக் கூடாது. முதல் தடவையே மனம் திறப்பவர்கள் குறைவு. பக்கத்திலேயே இருந்தால், அல்லது இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டால், இவர் ஒப்புக்குக் கேட்கவில்லை என்பது புரியும்.

3. பேசத் தொடங்கியபின் குறுக்கே போகக் கூடாது. இடையில் வரும் மௌனத்தை நிரப்பவும் வேண்டியதில்லை. பத்து நொடி மௌனம் கேட்பவருக்கு யுகமாகத் தோன்றும். சொல்பவருக்கோ அடுத்த வார்த்தையைத் தேட அந்த நேரம் தேவை. போன் பையில் இருக்க வேண்டும்.

4. கேட்டதைச் சொந்த வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகப் புரிந்திருந்தால் நண்பரே திருத்துவார். சரியாகப் புரிந்திருந்தால், தன் கஷ்டம் ஒருவருக்காவது விளங்கியது என்ற நிம்மதி வரும்.

5. "நான் என்ன செஞ்சா உனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்?" என்று கேட்க வேண்டும். பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: நாளைக்கு என்னோடு சாப்பிடு, அந்த நோட்டைக் கொடு, அந்தக் குரூப்பில் நடப்பதை எனக்குச் சொல்லாதே.

6. பெரியவர் ஒருவரின் பெயரை எடுக்க வேண்டும். "யார்கிட்டயாவது சொல்லு" என்பது காற்றில் போய்விடும். "நாளைக்குக் காலையில பிரேயருக்கு முன்னாடி பி.டி. சாரைப் பார்ப்போம், நான் கூட வரேன்" என்பதில் ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, துணை இருக்கிறது.

7. அடுத்து எப்போது பேசுவது என்று சொல்லிவிட்டுப் பிரிய வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

இந்தப் படிகள் பேச்சில் எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரி. அரையாண்டு விடைத்தாள் கொடுத்த வாரம். பதினோராம் வகுப்புப் பெண்கள் இருவர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள்.

"ஏய், திங்கக்கிழமையிலேர்ந்து நீ லஞ்ச் சாப்பிடவே இல்லடி. கேட்டா வயிறு சரியில்லங்கிற. எனக்கு அது மட்டும்னு தோணல."

"ஒண்ணும் இல்ல, விடு."

"சரி, இப்ப சொல்லணும்னு இல்ல. பஸ் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

சிறிது நேரம் பேச்சில்லை.

"வீட்ல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தினம் சண்டை. ஞாயித்துக்கிழம அம்மா பாட்டி வீட்டுக்குப் போயிட்டாங்க. தம்பி நைட்டெல்லாம் அழறான்."

"அம்மாவும் இல்ல, தம்பியையும் நீதான் பாத்துக்கிற. தூங்கவே இல்லல்ல நீ?"

"ம்."

"கெமிஸ்ட்ரி மிஸ் கோச்சுக்க மாட்டாங்க. நாளைக்கு லேப் முடிஞ்சதும் போலாமா? நான் ஆரம்பிக்கிறேன், நீ பேசக்கூட வேண்டாம்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"அந்தப் பயத்தையும் மிஸ்கிட்டயே சொல்லுவோம். என்ன பண்ணலாம்னு அவங்க சொல்லட்டும்."

இதில் அறிவுரை ஒன்றுகூட இல்லை. அப்பா அம்மா சண்டையை எப்படித் தீர்ப்பது என்று தோழி வழி சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியவும் தெரியாது. கவனித்ததைச் சொன்னாள், பக்கத்தில் இருந்தாள், தூங்காததைப் புரிந்துகொண்டாள், லேப் முடிந்ததும் என்று நேரம் குறித்தாள். "நான் ஆரம்பிக்கிறேன்" என்ற வாக்கியம்தான் இந்தப் பேச்சிலேயே மிகவும் பயனுள்ளது. பெரியவரிடம் போகத் தயங்கும் பிள்ளைகளில் பலருக்கு முதல் வாக்கியம்தான் தடை.

பொதுவாக நேரும் தவறுகள்

*சின்னதாக்குவது.* "இதெல்லாம் ஒரு மேட்டரா, சோத்துக்கே வழியில்லாதவங்க எவ்வளவு பேர் இருக்காங்க." அடுத்தவர் கஷ்டத்தைக் காட்டினால் இவர் கஷ்டம் குறையாது. சொன்னதற்காக வெட்கப்பட்டு, இனிமேல் சொல்லாமல் இருந்துவிடுவார்.

*தன் கதைக்குத் தாவுவது.* "எனக்கும் அப்படித்தான், போன வருஷம்..." என்று தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் ஆறுதல் சொல்பவரும் ஆறுதல் பெறுபவரும் இடம் மாறிவிடுவார்கள்.

*குற்ற உணர்வை ஏற்றுவது.* "உங்கம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்படறாங்க, அவங்களை நெனச்சுப் பாரு." நம் ஊரில் நல்ல எண்ணத்தோடு மிக அதிகமாகச் சொல்லப்படும் வார்த்தை இதுதான்; மிக அதிகமாகக் காயப்படுத்துவதும் இதுதான். அம்மாவுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று ஏற்கெனவே மறுகும் பிள்ளைக்கு அது இன்னொரு பாரம்.

*பஞ்சாயத்துக்குப் போவது.* நண்பரை அழவைத்தவரிடம் போய்ச் சண்டை போடுவது விசுவாசமாகத் தோன்றும். நண்பர் கேட்காத சண்டையை அவர் பெயரில் தொடங்கிவைத்தால், மறுநாள் பள்ளிக்கு வருவதே அவருக்குக் கஷ்டமாகிவிடும்.

*பேசிப் பேசியே சுழல்வது.* இது நெருக்கமான நட்பில்தான் அதிகம் நேர்கிறது. தவறு என்று தெரிவதும் இல்லை. அவன் ஏன் அப்படிச் சொன்னான், அவள் ஏன் பார்க்காமல் போனாள் என்று ஒரே விஷயத்தைத் தினமும் மணிக்கணக்கில் இருவரும் கிளறிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். 813 பள்ளிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அவர் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பேசிக்கொள்ளும் பெண் பிள்ளைகளிடம் நட்பின் நெருக்கமும் கூடியது, மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே கூடின. நெருக்கம் கூடுவதால்தான் பேச்சை நிறுத்தத் தோன்றுவதில்லை.

குறிப்பு: அரைமணி நேரம் பேசியபின் இருவரும் உடம்பை அசைத்து எதையாவது செய்வது நல்லது. ஷட்டில் ஆடலாம், கடைத்தெரு வரை நடந்து போய் வரலாம், பாட்டு கேட்டுக்கொண்டே ரெக்கார்டில் படம் வரையலாம். மறுநாளும் அதே பேச்சு அதே இடத்திலிருந்து தொடங்கினால், அடுத்த படியாகிய பெரியவரிடம் போவது தள்ளிப்போகிறது என்று பொருள்.

உயிரைப் பற்றிய பயம் வந்தால்

இந்தப் பகுதியில் உள்ளவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. நண்பர் கோபித்துக்கொள்வாரே என்ற தயக்கத்துக்கும் இங்கே இடமில்லை.

1. நேராகக் கேட்க வேண்டும். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்ற கேள்வியைக் கேட்டாலே அந்த எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று பெரியவர்களே அஞ்சுகிறார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2005இல் வெளியானது. அந்தக் கேள்வி கேட்கப்பட்ட மாணவர்களுக்கும் கேட்கப்படாத மாணவர்களுக்கும் இடையே கலக்கத்திலோ அத்தகைய எண்ணத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. அடக்கி வைத்ததைச் சொல்ல ஒரு வழி கிடைத்ததே என்று பலர் ஆறுதல்தான் அடைகிறார்கள். கேட்கும் குரல் பதறாமல் இருந்தால் போதும்.

2. ஆமாம் என்றாலும், பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலும், தனியாக விடக் கூடாது. பெரியவர் ஒருவர் வந்து சேரும் வரை, பாத்ரூமுக்குப் போனால்கூட வெளியே நிற்க வேண்டும்.

3. ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யக் கூடாது. ஏற்கெனவே செய்திருந்தால் மீறிவிட வேண்டும். "உன் கோபத்தைத் தாங்கிக்குவேன்டா, நீ இல்லாம போறதத் தாங்க முடியாது. அதனால சொல்லப் போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது நேர்மை. நின்றுபோன நட்பைப் பின்னால் ஒட்டவைக்கலாம்.

4. பெரியவரை உடனே அழைக்க வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் தொலைபேசி. 14416 என்பது மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112. இலங்கையில் இருப்பவர்களுக்கு மனநல உதவி எண் 1926, சிறுவர் உதவி எண் 1929.

5. நண்பர் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக்கூடிய எதையாவது கையில் வைத்திருந்தால் பிடுங்கப் போகக் கூடாது. சற்றுத் தள்ளி நின்று, பேச்சைத் தொடர்ந்தபடியே, சத்தம் போட்டு ஆள் கூப்பிட வேண்டும்.

6. செய்தி மெசேஜில் வந்தால், பதில் எழுதிக்கொண்டே இன்னொரு போனிலிருந்து அவர் வீட்டுக்கு அழைக்க வேண்டும். வீட்டு எண் தெரியாவிட்டால் தன் அம்மாவையோ அப்பாவையோ எழுப்ப வேண்டும். நள்ளிரவாயிற்றே என்று விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

ஏற்கெனவே ஏதாவது நடந்துவிட்டது என்று தெரிந்தால், நண்பர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று அஞ்சிப் பல குடும்பங்கள் நேரத்தைக் கடத்துகின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. தண்டனைக்கு வழிசெய்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

எந்தப் பெரியவர்

காரணம் வீட்டுக்கு வெளியே இருந்தால் முதல் ஆள் நண்பரின் அம்மா அல்லது அப்பா. காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தால் ஆசிரியர், அத்தை, மாமா, தாத்தா பாட்டி, அல்லது உதவுபவரின் சொந்தப் பெற்றோர். பதவியைப் பார்க்க வேண்டாம். அதட்டாமல் கேட்கும் குணம் உள்ளவராக இருந்தால் போதும். பல பள்ளிகளில் அந்த ஆள் நூலகர், லேப் அண்ணன், சத்துணவு அக்கா என்று யாராகவும் இருக்கலாம். அவர்கள் வழியாகத் தலைமையாசிரியரை எட்டிவிடலாம்.

போய்ச் சொல்லும்போது முன்கூட்டியே துண்டுச் சீட்டில் மூன்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: என்ன பார்த்தது, நண்பர் எந்த வார்த்தையில் சொன்னார், எப்போது. "அவன் ஒரு மாதிரியா இருக்கான் சார்" என்றால், "எல்லாம் இந்த வயசுல அப்படித்தான்" என்ற பதில் வரும். "ரெண்டு வாரமா மத்தியானம் சாப்பிடல சார், நேத்து சாயங்காலம் 'எல்லாத்தையும் முடிச்சிடலாம்னு இருக்கு'ன்னு சொன்னான்" என்றால் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. முதல் பெரியவர் தட்டிக்கழித்தால் அன்றைக்கே இரண்டாமவரிடம் போக வேண்டும்.

அடி, பாலியல் தொல்லை, கல்யாண ஏற்பாடு போன்றவை பேச்சில் வந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம், பிள்ளைகளே அழைக்கலாம். பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் விதி. தெரிவிக்காமல் போனதற்காக 18 வயதுக்குட்பட்டவரைத் தண்டிக்க அதே சட்டத்தில் இடமில்லை. எனவே, இவ்வளவு நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்ற பயத்தால் இன்னும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

தேர்வுத் தோல்வியே காரணம் என்றால் ஆறுதலோடு தகவலும் தேவை. பொதுத் தேர்வில் தவறியவர்கள் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதி, அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். முடிவு வெளியாகும் நாளில் இது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் விவரம் கேட்டுச் சொல்லலாம். இது நண்பர் செய்யக்கூடிய கச்சிதமான உதவி.

நட்பே காயமாகும்போது

துயரத்துக்குக் காரணம் நண்பர் கூட்டமாகவே இருப்பதும் உண்டு. வாட்ஸப் குரூப்பிலிருந்து ஒருவரை மட்டும் நீக்குவது, அவர் வந்ததும் பேச்சை நிறுத்துவது, நிறத்தையோ உடம்பையோ சாதியையோ சொல்லிப் பட்டப்பெயர் வைப்பது. அடித்தால் தழும்பு தெரியும், இதில் தெரியாது. அதனால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை.

கூட இருக்கும் ஒருவர் வாய் திறந்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும். டொரண்டோ நகரப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், உடனிருந்த பிள்ளை தலையிட்ட தடவைகளில் பாதிக்கு மேல் கொடுமை உடனே நின்றது. பெரிய வசனம் தேவையில்லை. "டேய், விடுடா போதும்" என்பதும், கேலிக்கு ஆளானவரைக் கையைப் பிடித்து அங்கிருந்து கூட்டிக்கொண்டு போவதும் போதும். அதற்கும் துணிவு வராதவர் மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடலாம். ஒதுக்கப்பட்டவருக்கு அன்றைய நாளின் மிகக் கொடிய அரைமணி நேரம் சாப்பாட்டு வேளைதான்.

குரூப்பில் நடந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆசிரியரிடம் காட்டலாம். வேறு குரூப்பில் போடக் கூடாது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது, படத்தை மாற்றிப் பரப்புவது போன்றவை சட்டப்படி குற்றம். மாணவர்களுக்குள் பேசித் தீர்க்கும் எல்லையை அவை தாண்டிவிட்டன.

சிறு பிள்ளைகள்: பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் துயரத்துக்குப் பெயர் தெரியாது. ஞாயிறு இரவு வயிற்றுவலி, மறுபடி படுக்கையில் சிறுநீர் போவது, பென்சிலைக் கடித்துத் துப்புவது, பொம்மையைத் திட்டி அடிப்பது என்றுதான் அது வெளியே வரும். நண்பன் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டதே காரணமாக இருக்கலாம். பெரியவர்களுக்கு அது அற்பம். அந்தப் பிள்ளைக்கோ தினமும் ஆறு மணி நேரம் கூடவே இருந்த ஆள் ஒரே நாளில் இல்லாமல் போன இழப்பு. "வேற ஃப்ரெண்டே கிடைக்காதா?" என்று கேட்பதைவிட, "அவன் இல்லாம கிளாஸ்ல எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஒரு விடுமுறை நாளில் அவனைச் சந்திக்க வைப்பது பயன் தரும். வரைய வைத்தும், சாப்பாடு ஊட்டும்போதும், வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போதும் கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் எளிதாகச் சொல்வார்கள்.

பிள்ளை தன் நண்பரைப் பற்றிய கவலையோடு வந்தால், பெற்றோரின் முதல் வாக்கியம் "சொன்னது நல்லதாப் போச்சு" என்பதாக இருக்க வேண்டும். "அவகூட இனிமே சேராதே" என்று சொன்ன வீட்டில் அடுத்த செய்தி வந்து சேராது. பிள்ளையைச் சாட்சி ஆக்காமல், பெரியவர் பெரியவரிடம் பேச வேண்டும்.

மனம் நொந்திருக்கும் பிள்ளை உள்ள வீட்டில் மருந்து மாத்திரைகளையும், வயல் வீடானால் பூச்சிமருந்தையும் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்துக்கொள்ள வேண்டும். உயிரை விடும் வேகம் பல நேரம் சில நிமிடங்களில் தணிந்துவிடுகிறது. கைக்கு எட்டாமல் இருப்பதே அந்த நிமிடங்களைக் கடக்க வைக்கிறது. இலங்கையில் மிகக் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகள் 1990களில் தடை செய்யப்பட்டபின் நாட்டின் தற்கொலை விகிதமே இறங்கியது.

மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஆனால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம்.

துணை நிற்பவரின் நலம்

இரவு முழுக்க ஒருவரின் மெசேஜுக்குக் காத்திருக்கும் பிள்ளை தானும் தூக்கத்தை இழந்து, படிப்பை இழந்து, ஒரு மாதத்தில் இன்னொரு நோயாளி ஆகிவிடலாம். "பத்து மணிக்கு மேல போன் அம்மாகிட்ட இருக்கும், அதுக்குமேல கஷ்டமா இருந்தா 14416க்கு போடு, காலையில என்கிட்ட சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொந்தப் பெற்றோரில் ஒருவருக்காவது நடப்பது தெரிந்திருக்க வேண்டும். நண்பரின் பெயரைச் சொல்ல விருப்பமில்லையென்றால், "ஒரு ஃப்ரெண்டுக்குக் கஷ்டம், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கஷ்டமா இருக்கு" என்பதே போதும். உயிர் ஆபத்து இருந்தால் மட்டும் பெயரை மறைக்கக் கூடாது.

"நீ பேசலன்னா ஏதாவது பண்ணிக்குவேன்" என்று நண்பரோ காதல் சொன்னவரோ மிரட்டினால், அதைச் சுமந்துகொண்டு பேசிக்கொண்டே இருக்கக் கூடாது. அன்றைக்கே பெரியவரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு உண்மையான ஆபத்தாக இருந்தாலும் சரி, கட்டுப்படுத்தும் வழியாக இருந்தாலும் சரி, இரண்டுக்கும் பதில் அதுவே.

எல்லாம் சரியாகச் செய்தும் நண்பர் தேறாமல் போகலாம், கெட்டது நடந்தும் விடலாம். அப்போது இதுவரை துணை நின்ற பிள்ளைக்குத்தான் முதலில் ஆள் துணை வேண்டும். துணை நின்றவர் தன் கடமையில் தவறிவிட்டார் என்ற பேச்சுக்கு யாரும் இடம் கொடுக்கக் கூடாது.

பள்ளிக்குத் திரும்பும் நாள்

சிகிச்சைக்குப் பிறகு, அல்லது நீண்ட விடுப்புக்குப் பிறகு, நண்பர் வகுப்புக்குத் திரும்பும் முதல் காலை கடினமானது. வாசலில் காத்திருந்து சேர்ந்து உள்ளே போவது பெரிய உதவி. முன்பு உட்கார்ந்த இடத்தை வைத்திருக்க வேண்டும். விட்டுப்போன பாட நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து வைக்கலாம். எல்லாவற்றையும் முதல் நாளே கையில் திணிக்க வேண்டாம்.

மற்றவர்கள் விசாரித்தால் என்ன சொல்வது என்று முந்தைய நாளே நண்பரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப பரவால்ல" என்ற ஒரே பதிலை இருவரும் சொன்னால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். என்ன நடந்தது, எந்த மாத்திரை, எத்தனை நாள் என்ற விவரங்கள் நண்பருக்குச் சொந்தம். நெருங்கிய வட்டத்திலும் அவற்றைப் பகிரக் கூடாது. மாத்திரை நடந்துகொண்டிருந்தால், "இப்பதான் நல்லா இருக்கியே, எதுக்கு அது?" என்று சொல்லி நிறுத்த வைக்கக் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் முதல் சில வாரங்களில் பழைய அறிகுறிகள் திரும்ப வாய்ப்பு அதிகம். வழக்கம்போலச் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து வீட்டுக்கு நடந்து, வாரம் ஒருமுறையாவது தனியாக "எப்படி இருக்க?" என்று கேட்டுவர வேண்டும். மாற்றம் தென்பட்டால், முதலில் சொன்ன அதே பெரியவரிடம் அன்றே மறுபடி சொல்ல வேண்டும்.